சூரியக் காற்றில் சுழல்கள்

1997ஆம் ஆண்டின் முற்பகுதியில் ஹேல்-பாப் என்ற வால்மீன் பல வாரங்கள் வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. உங்கள் பெற்றோரைக் கேட்டுப் பாருங்கள். மாலையில் வடமேற்கு வானில் அதைப் பார்த்ததாகச் சொல்லக்கூடும். அதன் புகைப்படங்களை உற்று நோக்கினால் வால்மீனுக்கு ஒரு வாலல்ல, இரண்டு வால்கள் இருந்தது புலப்படும். ஒன்று வெளிர் மஞ்சள் நிறம். சற்றே வளைந்து, விரிந்து கிடந்தது. அது தூசியால் ஆனது. மற்றொன்று நீல நிறம். நூல் பிடித்தாற்போல் நேராக நின்றது. அது மின்னேற்றம் பெற்ற அணுக்களால், அதாவது அயனிகளால் ஆனது.

இந்த நேர்வாலில் ஒரு விந்தை உண்டு. வால்மீன் எந்தத் திசையில் ஓடினாலும், நேர்வால் ஏறத்தாழச் சூரியனுக்கு எதிர்ப்புறமாகவே நீண்டிருக்கும். சூரியனை நெருங்கும்போது வால் பின்னால் வரும். சூரியனை விட்டு விலகும்போதோ வால் முன்னே செல்ல, தலை பின்னே வரும்! ஒளியின் அழுத்தம்தான் வாலைத் தள்ளுகிறது என்று நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். தூசி வாலுக்கு அது பொருந்தும். அயனி வாலுக்குப் பொருந்தாது என்று 1951இல் கணக்கிட்டுக் காட்டியவர் ஜெர்மானிய வானியலறிஞர் லுட்விக் பியர்மன். அயனிகள் தள்ளப்படும் வேகத்திற்கு ஒளியின் அழுத்தம் போதவே போதாது. ஆகையால் சூரியனிலிருந்து எல்லாத் திசைகளிலும், இடைவிடாமல், நொடிக்குப் பல நூறு கி.மீ. வேகத்தில் துகள்கள் வீசிக்கொண்டிருக்க வேண்டும் என்றார் அவர்.

அந்தத் துகள் வீச்சைத்தான் இன்று நாம் சூரியக் காற்று என்கிறோம். அதற்குள்ளே என்ன நடக்கிறது என்பதே இக்கட்டுரையின் பொருள். ஆனால் அதற்கு முன், அப்படி ஒரு காற்று உண்டு என்பதை உலகம் எப்படி ஒப்புக்கொண்டது என்ற கதையைச் சொல்லியாக வேண்டும்.

நிராகரிக்கப்பட்ட கட்டுரை

முழுச் சூரிய கிரகணத்தின்போது கருவட்டத்தைச் சுற்றி முத்தொளி போன்ற ஒரு மகுடம் தெரியும். இதைக் கரோனா என்பர். அதன் வெப்பநிலை ஏறத்தாழ 10 லட்சம் டிகிரி என்பது 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில் தெரியவந்தது. சூரியனின் மேற்பரப்பு வெப்பநிலையோ 6,000 டிகிரிக்கும் குறைவு. அடுப்பைவிட அடுப்பின் மேலுள்ள காற்று நூறு மடங்கு சூடாக இருப்பது போன்ற நிலை இது! (ஏன் இப்படி என்பது தனிக் கதை. ஆயினும் நம் கதையின் இறுதியில் அதுவும் வந்து சேரும்.)

இவ்வளவு சூடான கரோனா மிக நன்றாக வெப்பத்தைக் கடத்தும். எனவே அது சூரியனிலிருந்து பெருந்தொலைவு வரை, பூமியையும் கடந்து பரவியிருக்கும் என்று 1957இல் சிட்னி சாப்மன் கணக்கிட்டார். அவர் கணக்கில் கரோனா நிலையாக நின்றது, வீசவில்லை.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் அப்போது யூஜின் பார்க்கர் என்ற இளைஞர் ஆய்வு செய்துவந்தார். பியர்மனின் துகள் வீச்சும் சாப்மனின் அசையாத கரோனாவும் ஒரே இடத்தில் எப்படி இருக்க முடியும் என்பது அவர் கேள்வி. அவர் கண்ட விடை எளிமையானது. சாப்மனின் கணக்குப்படி நெடுந்தொலைவிலும் கரோனாவின் அழுத்தம் பூஜ்யமாகிவிடாது. ஓரளவு மிஞ்சி நிற்கும். விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளியில் அந்த அழுத்தத்தைத் தடுத்து நிறுத்தப் போதுமான எதிரழுத்தம் கிடையாது. அப்படியானால் கரோனா நிலையாக நிற்கவே முடியாது. விரிந்து ஓடியே ஆக வேண்டும். சூரியனுக்கு அருகே மெல்லத் தொடங்கும் ஓட்டம், சில சூரிய ஆரத் தொலைவில் ஒலியின் வேகத்தைத் தாண்டி, பின்னர் நொடிக்கு நூற்றுக்கணக்கான கி.மீ. வேகத்தை எட்டும் என்று அவர் சமன்பாடு காட்டியது. அந்தச் சமன்பாடு நான்கு வரிக் கணிதம்தான். நம் பட்ட வகுப்பு மாணவர்களும் அதைப் பின்தொடர முடியும்.

கட்டுரையை 'ஆஸ்ட்ரோபிசிக்கல் ஜர்னல்' என்ற ஆய்விதழுக்கு அனுப்பினார் பார்க்கர். அதை மதிப்பிட்ட இரு அறிஞர்களுமே வெளியிடத் தகுதியற்றது என்று எழுதிவிட்டார்கள். இப்பொருளில் எழுதப் புகுமுன் ஆசிரியர் நூலகத்துக்குப் போய்ப் படித்துவிட்டு வரட்டும் என்ற பொருளில் ஒருவர் எழுதியிருந்ததாகப் பார்க்கர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

அந்த இதழின் ஆசிரியர் யார் தெரியுமா? சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, இங்கிலாந்து வழியாக அமெரிக்கா சென்ற சுப்பிரமணியன் சந்திரசேகர்தான். பார்க்கரின் முடிவை அவரும் முழுமையாக நம்பிவிடவில்லை. ஆனால் மதிப்பீட்டாளர்கள் இருவரும் கணிதத்தில் ஒரு பிழையைக்கூடச் சுட்டிக்காட்டவில்லை என்று பார்க்கர் எடுத்துச் சொன்னபோது, அந்த வாதத்தை அவர் ஏற்றுக்கொண்டார். கட்டுரை 1958இல் வெளிவந்தது. 1935இல் லண்டன் கூட்டம் ஒன்றில் எடிங்டன் தம் ஆய்வை எள்ளி நகையாடியதைச் சந்திரசேகர் மறந்திருக்க மாட்டார் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. இது என் ஊகமே.

கட்டுரை வந்த பின்னும் எதிர்ப்பு ஓயவில்லை. வீசுவது பெருங்காற்று அன்று, வேகம் குறைந்த வெறும் இளங்காற்றே என்று ஜோசப் சேம்பர்லின் 1960இல் வாதிட்டார். தீர்ப்பு விண்கலங்களிடமிருந்து வந்தது. 1959இல் சோவியத் விண்கலமான லூனா 2இல் கிரிங்காஸ் வைத்த கருவிகள் துகள் ஓட்டத்தை உணர்ந்தன. 1962 ஆகஸ்டு 27இல் வெள்ளிக் கோளை நோக்கிப் புறப்பட்ட மாரினர் 2 ஐயத்துக்கே இடமில்லாமல் செய்தது. மூன்று மாதங்களுக்கும் மேலாக அது அனுப்பிய அளவீடுகளை மார்சியா நூகபவர், கான்வே ஸ்னைடர் இருவரும் ஆராய்ந்தார்கள். காற்று ஒரு நாளும் நிற்கவில்லை. வேகம் நொடிக்கு ஏறத்தாழ 300 முதல் 800 கி.மீ. வரை மாறிக்கொண்டிருந்தது.

ஊதுபத்திப் புகையும் கொல்மகோரவும்

காற்று உண்டு என்றாயிற்று. அது எத்தகைய காற்று?

ஓர் ஊதுபத்தியைக் காற்றோட்டமில்லாத அறையில் ஏற்றி வையுங்கள். புகை முதலில் நேர்கோடாக மேலெழும். ஒரு சாண் உயரம் சென்றதும் நெளியும்; பிறகு சுழல் சுழலாகச் சிதறிவிடும். முதற்பகுதியைப் பாடநூல் வரிச்சீர் ஓட்டம் என்கிறது. அடுத்ததைச் சுழற்சி ஓட்டம் என்கிறது. நான் இக்கட்டுரையில் அதைக் கொந்தளிப்பு என்றே சொல்கிறேன். வெள்ளம் போகும் ஆற்றைப் பாலத்தின் மேல் நின்று பார்த்தவர்களுக்கு இச்சொல் போதும். ஓட்டம் எப்போது கொந்தளிக்கும் என்பதை 1883இல் மான்செஸ்டரில் ரெனால்ட்ஸ், கண்ணாடிக் குழாயில் ஓடும் நீரில் சாய நீரைச் செலுத்திக் கண்டறிந்தார்.

கொந்தளிப்பில் நடப்பது இதுதான். பெரிய சுழல் உடைந்து சிறு சுழல்கள் ஆகின்றன; அவை உடைந்து இன்னும் சிறியவை ஆகின்றன. ஆற்றல் பெரிய சுழலிலிருந்து சிறியதற்கு, படிக்கட்டில் வழியும் நீர் போல இறங்குகிறது. கடைசிப் படியில் சுழல் மிகச் சிறியதாகிவிட, நீரின் பாகுநிலை அதை நிறுத்திவிடுகிறது; ஆற்றல் வெப்பமாகிறது. இடைப்பட்ட படிகளில் ஆற்றல் சேர்வதும் இல்லை, குறைவதும் இல்லை.

இந்த ஒரே கருத்தை வைத்துக்கொண்டு 1941இல் ருஷ்யக் கணித மேதை கொல்மகோரவ் ஒரு விதியைப் பெற்றார். சுழலின் அளவு ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்தால், சுழலும் வேகம் பத்தில் ஒரு பங்காகக் குறையும். ஆற்றல் எந்த அளவுச் சுழலில் எவ்வளவு இருக்கிறது என்று மடக்கை அளவில் வரைபடம் வரைந்தால் ஒரு நேர்கோடு கிடைக்கும். அதன் சாய்வு கழித்தல் 5/3. ஆற்று நீர், கடலின் ஓதப் பெருக்கு, வானிலைக் காற்று என்று எங்கே அளந்தாலும் இந்த 5/3 தலைகாட்டுகிறது.

இனி மாரினர் 2க்குத் திரும்புவோம். அதில் காந்தப் புலத்தை அளக்கும் கருவியும் இருந்தது. சூரியக் காற்று தன்னுடன் காந்தப் புலத்தையும் இழுத்துச் செல்கிறது. பூமிக்கருகே அதன் வலிமை சுமார் 5 நானோ டெஸ்லா. நம் பூமியின் காந்தப் புலத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அந்தச் சிறு புலம் ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தது. விண்கலத்தைக் கடந்து காற்று நொடிக்கு 400 கி.மீ. ஓடுவதால், ஒரு நொடி நீடிக்கும் ஆட்டம் 400 கி.மீ. அகலச் சுழலைக் குறிக்கும். ஒரு மணி நேர ஆட்டம் 14 லட்சம் கி.மீ. அகலச் சுழலைக் குறிக்கும். ஒரே இடத்தில் நின்றபடி ஆற்றின் சுழல்களை எல்லாம் அளந்துவிடலாம் என்ற இந்த உத்தி, ஜி. ஐ. டெய்லர் 1938இலேயே காட்டியது.

இந்த ஆட்டங்களை ஆராய்ந்த பால் கோல்மன் 1968இல் தம் முடிவை வெளியிட்டார். சூரியக் காற்று கொந்தளிக்கிறது. விரைவான ஓட்டமும் மெதுவான ஓட்டமும் அருகருகே செல்லும்போது எழும் ஆற்றல் படிப்படியாகச் சிறு அளவுகளுக்கு இறங்கி, முடிவில் காற்றையே சூடாக்குகிறது என்றார்.

மோதாமல் எப்படி?

இங்கேதான் சிக்கல். பூமிக்கருகே சூரியக் காற்றில் ஒரு கன சென்டிமீட்டரில் சுமார் 5 புரோட்டான்கள் இருக்கும். நாம் சுவாசிக்கும் காற்றில் அதே கனஅளவில் இருக்கும் மூலக்கூறுகளின் எண்ணிக்கையை எழுத 2, 5 என்ற இலக்கங்களுக்குப் பின் 18 பூஜ்யங்கள் போட வேண்டும். அறைக்காற்றில் ஒரு மூலக்கூறு இன்னொன்றுடன் மோதாமல் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு தூரம்கூடச் செல்வதில்லை. சூரியக் காற்றிலோ சராசரி மோதலிடைத் தூரம் ஏறத்தாழ 15 கோடி கி.மீ. சூரியனிலிருந்து பூமி வரும் வழியில் ஒரு புரோட்டான் ஒரு முறை மோதினால் அதிகம்!

நீர் நீராக ஓடுவதற்குக் காரணம் மோதல்கள். ஒரு மூலக்கூறு தள்ள, அடுத்தது நகர்கிறது. அழுத்தம், பாகுநிலை என்பவை எல்லாம் மோதல்களின் கூட்டு விளைவுகளே. மோதலே இல்லாத இடத்தில் துகள்கள் துப்பாக்கிக் குண்டுகள் போலத் தத்தம் வழியே பறக்க வேண்டுமே தவிர, சுழலாவது எப்படி? பாகுநிலை இல்லாதபோது கடைசிப் படியில் ஆற்றல் வெப்பமாவது எப்படி? சென்ற ஆண்டு வகுப்பில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து, "மோதாத துகள்களுக்கு வெப்பநிலை என்று ஒன்று உண்டா, சார்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. என் பாடத்திட்டத்தில் அதற்கு விடை இல்லை. பின்னால் வருகிறேன்.

முதற் சிக்கலைத் தீர்ப்பது காந்தப் புலம். மின்னேற்றத் துகள் காந்த விசைக்கோட்டுக்குக் குறுக்கே நேராகப் போக முடியாது; கோட்டைச் சுற்றிச் சுழல வேண்டும். பூமிக்கருகே சூரியக் காற்றில் ஒரு புரோட்டானின் சுழல் வட்டத்தின் ஆரம் சுமார் 100 கி.மீ. எலக்ட்ரானுக்கு ஓரிரு கி.மீ. தான். 15 கோடி கி.மீ.யுடன் ஒப்பிட்டால் 100 கி.மீ. என்பது ஒரு புள்ளி. துகள்கள் விசைக்கோட்டில் கோத்த மணிகள் போலாகிவிடுகின்றன. கோடு நகர்ந்தால் மணி நகரும்; மணிகள் நகர்ந்தால் கோடும் நகரும். ஒன்றையொன்று தொடாமலே கோடானுகோடித் துகள்கள் ஒரு பாய்மம் போல ஒருங்கே இயங்குகின்றன. தேர்வடத்தைப் பிடித்தவர்கள் ஒருவரையொருவர் இடிக்காமலே ஒன்றாக அசைவதை நினைத்துக்கொள்ளுங்கள்.

வடம் என்றால் அதில் அதிர்வும் ஓடும். வீணைத் தந்தியை மீட்டினால் அலை ஓடுவது போல, விசைக்கோட்டின் வழியே அலை ஓடும் என்று 1942இல் ஸ்வீடன் நாட்டு ஹானஸ் ஆல்ஃபென் எழுதினார். மின்கடத்திக்குள் மின்காந்த அலையாவது, ஓடுவதாவது என்று பலர் நம்ப மறுத்தார்கள். 1949இல் லுண்ட்குவிஸ்ட் பாதரசத்தில் அத்தகைய அலையை ஆய்வகத்தில் எழுப்பிக் காட்டினார். 1953இல் சந்திரசேகரும் ஃபெர்மியும் இந்த அலைகளைக் கொண்டே நம் விண்மீன் மண்டலத்தின் சுருள் கரத்திலுள்ள காந்தப் புலத்தை மதிப்பிட்டார்கள். 1970இல் ஆல்ஃபெனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அலையா, கொந்தளிப்பா?

கோல்மனின் கட்டுரை வந்து மூன்றாண்டுகளில் மறுப்பு வந்தது. 1967இல் அனுப்பப்பட்ட மாரினர் 5இன் அளவீடுகளைப் பெல்ச்சர், டேவிஸ் இருவரும் 1971இல் ஆராய்ந்து வெளியிட்டார்கள். காந்தப் புலத்தின் ஆட்டமும் காற்றின் வேக ஆட்டமும் ஒன்றோடொன்று இணைந்து, ஆல்ஃபென் அலைக்குச் சொல்லப்பட்ட விதியின்படியே நடந்தன. அவை பெரும்பாலும் சூரியனிலிருந்து வெளிநோக்கி ஓடும் அலைகள். கொந்தளிப்பு என்றால் தாறுமாறாக இருக்க வேண்டும். இவை ஒழுங்கான அலைகளாக இருக்கின்றனவே!

யார் சொன்னது சரி? ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இந்த வழக்கு நடந்தது. என் கணிப்பில் இருவரும் சரியே. ஏனென்றால் காந்தப் புலத்தில் கொந்தளிப்பு எழும் முறையே வேறு. ருஷ்யாவில் இரோஷ்னிகோவ் 1963இலும், அமெரிக்காவில் கிரைக்னன் 1965இலும் தனித்தனியே இதை விளக்கியிருந்தார்கள். ஒரே திசையில் ஓடும் இரு அலைகள் ஒன்றையொன்று பாதிப்பதில்லை. எதிரெதிரே வரும் அலைகள் ஒன்றினூடே ஒன்று புகும்போதுதான் சிதைந்து சிறு அளவுகளாக உடைகின்றன. அந்தச் சந்திப்பும் கண நேரமே நீடிப்பதால் உடைப்பு மெதுவாக நடக்கும். அவர்கள் கணக்கில் சாய்வு 5/3 அன்று, 3/2. சுழலின் வேகம் பத்தில் ஒரு பங்காக வேண்டுமானால் அதன் அளவு பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைய வேண்டும்.

1974இலும் 1976இலும் ஏவப்பட்ட ஹீலியோஸ் விண்கலங்கள் புதன் கோளின் சுற்றுப்பாதைக்கும் உள்ளே சென்று பார்த்தன. சூரியனுக்கருகே அலைகள் பெரும்பாலும் வெளிநோக்கியே ஓடின. தொலைவு கூடக் கூட எதிர்த்திசை அலைகளின் பங்கு கூடியது. அலையாகப் புறப்பட்டது வழியில் கொந்தளிப்பாக முதிர்கிறது என்பது விளங்கியது. 1982இல் மத்தேயஸ், கோல்ட்ஸ்டைன் இருவரும் வாயேஜர் அளவீடுகளில் சாய்வைக் கணக்கிட்டபோது கிடைத்தது 5/3! மோதல்கள் நிறைந்த நீருக்காகக் கொல்மகோரவ் எழுதிய விதி, மோதலே இல்லாத வெளியில் கோள்களைத் தாண்டியும் நின்றது.

3/2 வர வேண்டிய இடத்தில் 5/3 ஏன் வந்தது? 1995இல் பீட்டர் கோல்ட்ரைக்கும் இந்திய வானியற்பியலறிஞர் எஸ். ஸ்ரீதரும் ஒரு விளக்கம் தந்தார்கள். கிரைக்னன் எல்லாத் திசைகளையும் சமமாகக் கருதியிருந்தார். உண்மையில் விசைக்கோட்டுக்குக் குறுக்கே சுழல்கள் எளிதில் உடைகின்றன. கோட்டின் வழியே அவ்வளவு எளிதில் உடைவதில்லை. அதனால் சுழல்கள் சிறுக்கச் சிறுக்கக் கோட்டின் திசையில் நீண்டு, நூல் போல் ஆகிவிடும். குறுக்குத் திசையில் அளந்தால் 5/3 வரும் என்றார்கள்.

இந்தச் சுழல்களைப் பூமியில் இருந்தபடியே காணவும் ஒரு வழி உண்டு. காற்று மண்டலத்தின் கொந்தளிப்பால் விண்மீன்கள் மினுங்குகின்றன அல்லவா? அது போலவே தொலைதூர ரேடியோ மூலங்கள் சூரியக் காற்றினூடே பார்க்கும்போது மினுங்குவதை 1964இல் கேம்பிரிட்ஜில் ஹியூயிஷும் அவர் குழுவினரும் கண்டறிந்தார்கள். நம் நீலகிரியில், உதகமண்டலத்துக்கு அருகே, மலைச்சரிவிலேயே சாய்த்துக் கட்டப்பட்ட ரேடியோ தொலைநோக்கி ஒன்று உண்டு. நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் உருவாகி 1970இல் செயல்படத் தொடங்கியது. விண்கலங்கள் செல்லாத இடங்களிலும் சூரியக் காற்றின் வேகத்தையும் கொந்தளிப்பையும் இந்த மினுங்கலைக் கொண்டு அது பல்லாண்டுகள் அளந்திருக்கிறது. உதகைக்குச் சுற்றுலா செல்வோர் தாவரவியல் பூங்காவோடு திரும்பிவிடுவது எனக்குச் சற்று வருத்தமே.

விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளியிலும் இதே மினுங்கல் முறை பயன்பட்டது. 1995இல் ஆம்ஸ்ட்ராங், ரிக்கெட், ஸ்பேங்லர் மூவரும் பல வகை அளவீடுகளைத் தொகுத்தார்கள். ஆயிரம் கோடி மடங்குக்கும் மேற்பட்ட அளவு வேறுபாட்டில், அங்கும் 5/3ஐ ஒட்டிய ஒரே நேர்கோடு!

ஆறாத காற்று

எஞ்சியிருப்பது கடைசிப் படி. ஆற்றல் எப்படி வெப்பமாகிறது?

வெப்பமாகத்தான் செய்கிறது என்பதற்குச் சான்று உண்டு. விரியும் வாயு குளிரும். சூரியக் காற்று வெளியிலிருந்து எந்த ஆற்றலும் பெறாமல் விரிந்தால், தொலைவு பத்து மடங்கானதும் வெப்பநிலை இருபதில் ஒரு பங்குக்கும் கீழே இறங்க வேண்டும். அளந்து பார்த்தால் புரோட்டான்கள் அவ்வளவு குளிர்வதில்லை. 1977இல் புறப்பட்ட வாயேஜர் 2 யுரேனஸ், நெப்டியூன் தொலைவுகளைக் கடந்தபோது வெப்பநிலை குறைவது நின்று, பின்னர் மெல்ல ஏறவும் செய்தது. அங்கே விண்மீனிடை வெளியிலிருந்து நுழையும் அணுக்கள் அயனிகளாகிக் காற்றில் சிக்கி, கொந்தளிப்பைப் புதிதாகக் கிளறிவிடுகின்றன என்பது இன்றைய விளக்கம்.

மோதல் இல்லாமலே அலை தன் ஆற்றலைத் துகளுக்குக் கொடுக்க முடியும் என்பதை 1946இலேயே லெவ் லாந்தாவ் கணிதத்தால் காட்டியிருந்தார். கரைக்குத் திரும்பும் கட்டுமரத்தைக் கவனித்திருக்கிறீர்களா? அலையின் வேகத்துக்குச் சற்றுக் குறைவாகப் போகும் கட்டுமரத்தை அலை முதுகில் ஏற்றித் தள்ளிக்கொண்டு வரும். மரம் வேகம் பெறும். அந்த அளவுக்கு அலை தளரும். அலையின் வேகத்தை ஒட்டிய வேகமுடைய துகள்களுக்கும் இதுவே நடக்கிறது. 1964இல் மாம்பர்க், வார்ட்டன் இருவரும் ஆய்வகப் பிளாஸ்மாவில் இதை அளந்து காட்டினார்கள். விண்ணில் சான்று கிடைக்க இன்னும் அரை நூற்றாண்டு ஆனது. 2015இல் ஏவப்பட்ட எம்.எம்.எஸ். விண்கலங்களின் அளவீட்டிலிருந்து, பூமியின் காந்த மண்டலத்துக்கு வெளியே கொந்தளிக்கும் பகுதியில் எலக்ட்ரான்கள் இவ்வாறு ஆற்றல் பெறுவதை 2019இல் ஆய்வாளர்கள் இனங்கண்டார்கள்.

அதற்கு முன்பே வரைபடத்தில் ஒரு தடயம் தெரிந்திருந்தது. சுழலின் அளவு 100 கி.மீ.யை, அதாவது புரோட்டானின் சுழல் வட்டத்தை நெருங்கும்போது 5/3 நேர்கோடு ஒடிந்து செங்குத்தாகச் சரிகிறது. 2000ஆம் ஆண்டில் ஏவப்பட்ட கிளஸ்டர் விண்கலங்கள் நான்கும் இன்னும் நுணுகிப் பார்த்தன. எலக்ட்ரானின் வட்ட அளவு வரை ஆற்றல் தொடர்ந்து இறங்குவது 2009இல் தெரிந்தது. முதற்படியில் புரோட்டான்கள் ஒரு பங்கை எடுத்துக்கொள்கின்றன. மிச்சம் எலக்ட்ரான்களுக்குப் போகிறது.

இப்போது என் மாணவியின் கேள்விக்கு வருகிறேன். மோதல்கள்தான் எல்லாத் துகள்களையும் ஒரே வெப்பநிலைக்குக் கொண்டுவருகின்றன. மோதல் இல்லையென்றால் அவரவர்க்கு அவரவர் வெப்பநிலை! சூரியக் காற்றில் புரோட்டானுக்கு ஒன்று, எலக்ட்ரானுக்கு ஒன்று. ஹீலியத்தின் கருவாகிய ஆல்ஃபா துகள்கள் விரைவான காற்றில் புரோட்டான்களைவிட நான்கு மடங்குக்கும் மேல் சூடாக இருப்பதுண்டு. அதோடு விடவில்லை. ஒரே புரோட்டான் கூட்டத்துக்கு விசைக்கோட்டின் வழியே ஒரு வெப்பநிலையும், குறுக்கே வேறொரு வெப்பநிலையும் இருக்கின்றன. இந்த வேற்றுமைகளே வெப்பம் எந்த வழியாக வந்தது என்பதைக் காட்டிக்கொடுக்கும் கைரேகைகள்.

கைரேகை அழியாமல் கிடைக்க வேண்டுமானால் சூரியனுக்கே போக வேண்டும். 2018 ஆகஸ்டு 12இல் 'பார்க்கர் சூரிய ஆய்வுக்கலம்' ஏவப்பட்டது. உயிரோடிருக்கும் ஒருவரின் பெயரை நாசா ஒரு விண்கலத்துக்கு வைத்தது அதுவே முதல் முறை. 91 வயதுப் பார்க்கர் நேரில் வந்து ராக்கெட் கிளம்புவதைப் பார்த்தார். சூரியனை நெருங்கியபோது அக்கலம் அளந்த சாய்வு 5/3 அன்று, 3/2! பூமியை நோக்கி வர வர அது 5/3 ஆக மாறியது. கிரைக்னனின் எண்ணும் கொல்மகோரவின் எண்ணும் ஒரே காற்றின் இளமையிலும் முதுமையிலும் இருந்திருக்கின்றன. காரணம் பற்றிக் கருத்து வேறுபாடு இன்னும் உண்டு.

2021 ஏப்ரல் 28இல் கலம் வேறொரு எல்லையைக் கடந்தது. பூமிக்கருகே ஆல்ஃபென் அலையின் வேகம் நொடிக்குச் சுமார் 50 கி.மீ. தான், காற்றின் வேகம் அதைப் போல் பல மடங்கு. ஆகவே சூரியனை நோக்கி ஓட முயலும் அலையையும் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். சூரியனுக்கு மிக அருகிலோ அலைகள் காற்றைவிட வேகமானவை. அங்கே அவை இரு திசையிலும் ஓடலாம், எதிர்ப்படலாம், உடையலாம். அந்த எல்லைக்குள்தான் கரோனா சூடாகிறது. சூரியனின் மேற்பரப்புக்கு மேல் ஏறத்தாழ 1 கோடியே 30 லட்சம் கி.மீ. உயரத்தில் கலம் அதனுள் நுழைந்தது. இச்செய்தி வெளியான சில மாதங்களில், 2022 மார்ச் 15இல் பார்க்கர் காலமானார். 2024 டிசம்பர் 24இல் கலம் சூரியனுக்கு 61 லட்சம் கி.மீ. அருகில் சென்றது.

இதே கணக்கை வேறொரு கூட்டத்தாரும் ஆவலோடு எதிர்நோக்கியிருக்கிறார்கள். 2019 ஏப்ரல் 10இல் வெளியான கருந்துளைப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். ஆரஞ்சு நிற வளையம் ஒன்று. 5.5 கோடி ஒளியாண்டு தொலைவில், எம் 87 என்ற விண்மீன் மண்டலத்தின் நடுவே, 650 கோடிச் சூரிய நிறையுள்ள கருந்துளையைச் சுற்றிக் கொந்தளிக்கும் பிளாஸ்மா அது. அங்கும் துகள்கள் மோதுவதில்லை. நாம் காணும் ஒளி எலக்ட்ரான்களிடமிருந்து வருகிறது. ஆனால் கொந்தளிப்பின் வெப்பத்தில் பெரும்பங்கை அயனிகள் வாங்கிக்கொண்டு இருளில் இருந்துவிடக்கூடும். வளையத்தின் பிரகாசத்தை வைத்துக் கருந்துளைக்குள் எவ்வளவு பொருள் விழுகிறது என்று சொல்ல வேண்டுமானால் அந்தப் பங்கீடு தெரிய வேண்டும். அங்கே கலம் அனுப்ப வழியில்லை. எனவே சூரியக் காற்றில் புரோட்டானுக்கு எவ்வளவு, எலக்ட்ரானுக்கு எவ்வளவு என்று அளந்து, அதை எம் 87இன் கணக்கில் பொருத்திப் பார்க்கிறார்கள்.